இருபத்தேழு மைல் மூன்று பர்லாங்கு: ரோடு மேஸ்திரி கன்னையா அவர்களுக்கு வாசித்தளித்த மடல்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரியவரே! சங்கிலி பிடித்த கையும் சத்தியம் பிடித்த நாவுமாய் முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் முன்னே நடந்த முதல்வரே! வெயிலுக்கு விலகாதவரே, மழைக்கு மறையாதவரே, மேலதிகாரியின் முறைப்புக்கு முதுகு வளையாதவரே! எந்த மதகில் நீர் தேங்கும், எந்தத் திருப்பத்தில் கல் பெயரும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லவல்ல பாதைப் பேரறிஞரே! பாலசமுத்திரம் பெற்றெடுத்த பண்பாளரே, எங்கள் ரோடு மேஸ்திரி திருவாளர் நா. கன்னையா அவர்களே! வணக்கம்.

சார்வரி ஆண்டு வைகாசித் திங்களின் இந்த நல்ல நாளில் தாங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள். இத்தகைய மடல்களில் தேன் சொட்ட வேண்டும் என்பது வழக்கம். எங்களுக்கோ வயிறு எரிகிறது. மாலையும் சந்தனமும் மேசைமேல் தயாராக இருக்கின்றன, மிக்சரும் காப்பியும் பின்கட்டில் காத்திருக்கின்றன. ஆனால் உள்ளே கிடப்பதை முதலில் கொட்டித் தீர்த்தாலன்றி அவற்றில் ஒன்றும் எங்கள் தொண்டையில் இறங்காது.

அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும். ஆகவே சற்று நேரம் உங்களை ‘இவர்’ என்று அயலாரைப்போல் சுட்டி, இங்கே கூடியிருக்கும் அவையோருக்குச் சொல்வதுபோலச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

அவையோரே! இவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் சங்கிலி ஆளாக வேலைக்குச் சேர்ந்தவர். சங்கிலி என்றால் சாலையை அளக்கும் இரும்புச் சங்கிலி. அறுபத்தாறு அடி நீளம், பத்துச் சங்கிலி ஒரு பர்லாங்கு, எண்பது சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல். முன்னே போகிறவர் சங்கிலியை இழுத்து ஆணி குத்தி எண்ணைக் கூவ வேண்டும். பின்னே வருகிறவர் அதே எண்ணைத் திருப்பிக் கூவி ஆணியைப் பிடுங்க வேண்டும். இரண்டு குரலும் ஒத்து வந்தால்தான் அது ஒரு சங்கிலி. ஒரு குரல் தவறினாலும் பழைய மைல்கல்லுக்கே திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இவர் வைத்த சட்டம். ஒருமுறை திருப்பதிச் சாலையில் எழுபத்தெட்டாவது சங்கிலியில் பின்னால் இருந்தவர் தும்மிவிட்டார். எண் காதில் விழவில்லை. கொட்டுகிற மழையில் முழு மைலையும் மறுபடி அளக்க வைத்தார் மனிதர். அன்றைக்கு இவரைத் திட்டாத வாய் எங்களில் கிடையாது.

மேஸ்திரியாக உயர்ந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. தான் நடக்காத தூரத்தைத் தாளில் எழுத மாட்டார். அதுதான் இவருடைய பெருமை. அதுவே இவருக்கு வினையாகவும் வந்தது.

ஐம்பத்தாறாம் வருஷம், ஆந்திர ராஜ்யம் பிறந்து மூன்றாண்டு முடிந்து, எந்த ஊர் யாருக்கு என்ற எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த சமயம். பெரிய மனிதர்கள் சிலர் சின்ன விமானத்தில் வந்து எல்லைக் கிராமங்களை மேலிருந்தே பார்வையிடப் போகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. யுத்த காலத்தில் சமன்செய்து போட்ட இரண்டு விமானத் திடல்கள், சித்தூருக்கு வெளியே ஒன்று, திருப்பதிக்குக் கீழே ஒன்று, அவசர அவசரமாகச் சுத்தம் செய்யப்பட்டன. ஒரு பட்டியலும் தயாரானது. சித்தூர்த் திடலிலிருந்து திருப்பதித் திடலுக்கு ஆகாய மார்க்கமாக முப்பத்தாறு மைல். பறக்க இருபது நிமிஷம். சாலையில் போனால் அதே பயணம் நாற்பத்து மூன்று மைல். பஸ்ஸில் இரண்டரை மணி. முதல் பக்கத்தில் ‘ஆகாய மார்க்கம்’ என்று தலைப்பு. இரண்டாம் பக்கத்தில் சித்தூரைச் சுற்றியுள்ள பதினைந்து கிராமங்கள், வரைபடத்தில் அடிக்கோலை வைத்து நேர்கோடாக அளந்த தூரம், பறக்கும் நிமிஷம். அந்தப் பக்கத்துக்குத் தலைப்பு இல்லை.

விமானம் வரவில்லை. அன்று மழை. பெரியவர்கள் காரில் வந்து, சித்தூரில் சாப்பிட்டு, காரிலேயே போனார்கள். பட்டியல் மட்டும் தங்கிவிட்டது. எல்லை விசாரணைக்காக, ஊருக்கு ஊர் எத்தனை மைல் என்று குறித்த எங்கள் பழைய சாலைப் பதிவேடு மேலே போயிற்று. இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டு திரும்பவேயில்லை. எட்டே நாளில் புதுப் பதிவேடு வேண்டும் என்று ஆணை வந்தது. எழுத்தர் அப்பாவு, முத்து முத்தான கையெழுத்துக்குப் பேர்போனவர், கையில் அகப்பட்ட அந்தத் தலைப்பில்லாத இரண்டாம் பக்கத்தை எடுத்து அப்படியே படியெடுத்தார். அந்த வகையில்தான் மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் எருக்கம்பட்டு, சித்தூருக்குப் பதினான்கு மைல், பயண நேரம் எட்டு நிமிஷம் என்று அரசாங்கப் பதிவேட்டில் ஏறிற்று.

எட்டு நிமிஷம்! அலுவலகத்தில் ஒன்பது பேர் அதன்கீழே கையெழுத்துப் போட்டோம். ஒருவருக்காவது உறைத்ததா? எனக்கு முன்னே போட்டவர் பார்த்திருப்பார் என்று அவரவரும் நினைத்தோம். இவர் அந்த மாதம் நகரி பக்கம் பாலம் வேலையில் இருந்தார். இருந்திருந்தால் அன்றே பேனாவைப் பிடுங்கி எறிந்திருப்பார்.

எருக்கம்பட்டும் அதைச் சுற்றிய ஆறு சிற்றூர்களும் தங்களுக்கு ஒரு சிறு ஆஸ்பத்திரியும், பிரசவம் பார்க்க ஒரு நர்சும் வேண்டும் என்று ஐம்பத்தெட்டாம் வருஷத் தொடக்கத்தில் மனுக் கொடுத்தன. பதினைந்து மைலுக்குள் பெரிய ஆஸ்பத்திரி இருந்தால் வேறு கிடையாது என்பது விதி. பதிவேட்டைப் பார்த்தார்கள். பதினான்கு மைல், எட்டு நிமிஷம்; ஆகவே தேவையில்லை என்று பதில் போயிற்று. அந்தக் காகிதத்தை ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார்.

அந்த ஆனி மாதம் இவர் சித்தூரிலிருந்து எட்டாவது மைல்கல் அருகே பள்ளம் மூடும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. உள்ளே வள்ளி என்ற பெண், முதல் பிரசவம், வலி கண்டு இரவு முழுக்கத் துடித்தவள். கூட அவளுடைய தாய் கன்னியம்மாள். இவர் ஓடிப்போய் மாட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னும் எட்டு மைல் இருக்கிறது, லாரி ஏதாவது வந்தால் நிறுத்துகிறேன் என்றார். கன்னியம்மாள் இவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்தார்.

“நீ சர்க்காரு ஆளா நைனா? விடியறதுக்கு முன்னாடி வண்டி பூட்னோம். ஆத்து மணல்ல சக்கரம் பூந்துகினு ரெண்டு நாழி போச்சு. எட்டு நிமிஷத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்னு காயிதத்துல எழுதிக்கிறீங்களே, எங்க மாடுங்களுக்குப் படிக்கத் தெரியல. அதான் இன்னும் நடந்துகினே இருக்குதுங்க.”

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னா எட்டு நிமிஷம் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டிக்குள் முனகல் அடங்கிற்று. பிள்ளை அங்கேயே பிறந்தது. அழவில்லை. வள்ளி பிழைத்தாள். கன்னியம்மாள் அந்தச் சிசுவைத் தன் முந்தானையில் சுற்றிக்கொண்டு வண்டியை வந்த வழியே திருப்பச் சொன்னார். இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று ஒரே ஒரு வார்த்தை. நடுச்சாலையில் நின்று இவர் அழுததை வேலையாட்கள் பார்த்திருக்கிறார்கள். எங்களிடம் வந்து அவர்கள்தான் சொன்னார்கள்.

அன்று மாலை இவர் அலுவலகத்துக்குள் வந்த வேகத்தை மறக்க முடியாது. செருப்பைக்கூட வெளியே விடவில்லை. பதிவேட்டைத் திறந்தார், அந்த வரியைப் படித்தார். “யார் நடந்தது இத?” என்று கேட்டார். அப்பாவு பட்டியலை எடுத்துக் காட்டினார். இவர் முதல் பக்கத்தைப் புரட்டி, இரண்டாம் பக்கத்தைப் புரட்டி, திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். “இது ஏரோப்ளேன் கணக்கு சாமி! எருக்கம்பட்டுல யாருக்கு ரெக்கை மொளைச்சுக்கிது?” என்றார். நாங்கள் சிரித்தோம். அவையோரே, உண்மையைச் சொல்கிறோம், அன்று நாங்கள் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் தப்பு தெரிந்தது. ஆனால் தப்பைத் திருத்துவதென்றால் ஒன்பது கையெழுத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். யாரை எந்த மாநிலத்துக்கு ஒதுக்குவார்கள், யாரை எங்கே தூக்கியடிப்பார்கள் என்று நெஞ்சில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. மெதுவாகப் பார்க்கலாம் மேஸ்திரி என்றோம். இவர் மெதுவாகப் பார்க்கிற ஆளா? ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த நேரத்தில் அளக்கத் தொடங்கிவிட்டார். சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்கச் சங்கிலி ஆள் கோவர்த்தனன் போனார். ஆறு ஞாயிறு. எருக்கம்பட்டு அரசமரத்திலிருந்து மலையைச் சுற்றி, பாலமில்லாத ஆற்று மணலைக் கடந்து, சித்தூர் ஆஸ்பத்திரி வாசல் வரை. ஊர்க்காரர்கள் களியும் மோரும் கொண்டுவந்து கொடுத்து, துன்னுட்டு நடங்க என்று உபசரித்திருக்கிறார்கள். இவர் கூவக் கோவர்த்தனன் திருப்பிக் கூவ, மொத்தம் இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு சங்கிலி. அதாவது இருபத்தேழு மைல் மூன்று பர்லாங்கு.

அறிக்கை எழுதி மேலே அனுப்பினார். பதில் இல்லை. நினைவூட்டினார். பதில் இல்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலை எல்லோர் கண்ணெதிரிலும் சிவப்பு மையால் அந்தப் பதினான்கை அடித்து, மேலே இருபத்தேழு மைல் மூன்று பர்லாங்கு என்று எழுதி, முழுக் கையெழுத்தும் தேதியும் போட்டார். ஒளிவு மறைவு கிடையாது.

அதற்குத்தான் பதில் வந்தது! மூன்று மாதம் தூங்கிய காகிதம் மூன்றே நாளில் விழித்துக்கொண்டது. அரசாங்கப் பதிவேட்டைத் திருத்திய குற்றத்துக்கு விசாரணை. விசாரிக்க வந்த அதிகாரியின் பெயர் இம்மடலில் ஏற வேண்டாம். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போகிற தாளில் அவருக்கு எதற்கு இடம்? அவர் இவரை நிற்க வைத்தே கேட்டார். “ஏமய்யா, ரிஜிஸ்டர்லே கை வைக்க நீ யாரு? எவரு செப்பினாரு நீக்கு?” இவர் சொன்ன பதில் எங்கள் காதில் இன்னும் இருக்கிறது. “யாரும் சொல்லல சார். நடந்தேன்.”

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். பதினான்கு மைல் சரியா, தப்பா, எழுதிக் கொடுங்கள் என்றார். அவையோரே, இப்போதுதான் எங்களுக்குக் கூச்சம் ஏன் என்பது உங்களுக்குத் தெரியப்போகிறது. சரி என்று எழுதிக் கொடுத்தோம். ஒன்பது பேரும். அப்பாவு அழகான எழுத்தில் எழுதினார். மற்றவர்கள் கீழே கையெழுத்துப் போட்டோம். மறுமுனையைப் பிடித்து இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு முறை தொண்டை வறளக் கூவிய கோவர்த்தனன், கல்யாணத்துக்கு நிற்கும் மூன்று பெண்களை நினைத்துக்கொண்டு, எனக்கு எண்ணத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் இவர் காலில் விழப்போனார். இவர் தோளைப் பிடித்துத் தூக்கி, “உடுப்பா. நீ எண்ணினது எனக்குத் தெரியும்” என்றார். அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

சிவப்பு மை அழிக்கப்பட்டது. பதினான்கு திரும்பவும் வந்து உட்கார்ந்தது. இவருக்கு என்ன தண்டனை தெரியுமா? திருப்பதிக்குக் கீழே இருக்கும் அந்த விமானத் திடலுக்குக் காவல்! பறக்கும் கணக்கை மறுத்த மனிதரைப் பறக்கும் திடலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். இதைக் குறும்பு என்பதா, கொடுமை என்பதா? முப்பது ஆண்டு சாலை போட்டவர், ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டும், காற்றின் திசை காட்டக் கம்பத்தில் தொங்கிய காற்றுப்பையைத் தைத்துக்கொண்டும், வெள்ளாடுகளை விரட்டிக்கொண்டும் ஒன்றரை ஆண்டுக்குமேல் அங்கே இருந்தார். வரும் விமானங்களைக் குறிக்க ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு ‘வரவில்லை’ என்று எழுதினார். ஒரு நாள்கூட விடவில்லை.

வீடு சித்தூரில். சனிக்கிழமை மதியம் திடலிலிருந்து இரண்டு மைல் நடந்து, பஸ் பிடித்து, நாற்பத்து மூன்று மைல் குலுங்கி, விளக்கு வைத்த பிறகு வந்து சேருவார். இவர் துணைவியார் தாட்சாயணி அம்மாள் வாசலில் நின்று, “இன்னா, ஏரோப்ளேன் ஆபீசரு இருவது நிமிஷத்துல வந்துடுவாருன்னு பார்த்தா, இம்மாம் நேரமா?” என்று கேலி செய்வாராம். இவரும் சிரிப்பாராம். அந்த அம்மையார் இங்கே முன்வரிசையில் இருக்கிறார். அம்மா, உங்கள் சிரிப்புக்கு முன்னால் நாங்கள் தலைகுனிகிறோம்.

இதற்குள் எல்லைத் தகராறு தீர்ந்தது. சென்ற ஏப்ரல் முதல் தேதி, அந்தப் பக்கம் போக வேண்டிய ஊர்கள் போயின, இந்தப் பக்கம் வர வேண்டியவை வந்தன. எருக்கம்பட்டு எங்கும் போகவில்லை; சித்தூர் ஜில்லாவிலேயே நின்றது. மனுவும் நின்ற இடத்திலேயே நின்றது. இரண்டாம் முறை கொடுத்தார்கள், மூன்றாம் முறையும் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பதிவேட்டைத் திறந்து பதினான்கைப் பார்த்து மூடினார்கள். கோடு எங்கே போகிறது என்று நான்கு வருஷம் அங்குலம் அங்குலமாக வாதாடிய இரண்டு அரசாங்கங்களுக்கும், அந்தக் கோட்டின் ஓரத்தில் ஒரு பெண் எத்தனை மைல் வண்டியில் கிடக்கிறாள் என்று எண்ண நேரம் கிடைக்கவில்லை. அவர்களைச் சொல்ல எங்களுக்கு வாய் ஏது? எண்ணித் தந்தவரைப் பொய்யராக்கியவர்கள் நாங்கள்தானே.

இந்த மாதத் தொடக்கத்தில் ஓய்வு பெறும் காகிதங்களுக்காக இவர் அலுவலகம் வந்தார். விழா நடத்த வேண்டும், நினைவுப் பரிசு தர வேண்டும் என்று நாங்கள் கூடிப் பேசியிருந்தோம். கைக்கடிகாரமா, வெள்ளித்தட்டா, என்ன வேண்டும் சொல்லுங்கள் மேஸ்திரி என்று அப்பாவு கேட்டார். இவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாகச் சொன்னார்.

“கெடியாரம் இன்னாத்துக்கு? எனக்குத் தரணும்னா அந்தப் பதினாலை அடிச்சுக் குடுங்க. வள்ளி மறுபடி முழுவாம இருக்குதாம். ஐப்பசி மாசம் நாள் சொல்லிக்கிறாங்க.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கைக்கடிகாரப் பேச்சு அன்றோடு நின்றது.

எங்கள் மேஸ்திரியே! இனி உங்கள் முகம் பார்த்தே பேசுகிறோம். இந்த மடலை எழுதியது அதே அப்பாவுவின் கைதான். இதை இரண்டு படி எழுதியிருக்கிறோம். ஒன்று இதோ, கண்ணாடிச் சட்டத்துக்குள், உங்கள் வீட்டுக் கூடத்துக்கு. மற்றொன்று இன்று காலை பதிவுத் தபாலில் மேலிடத்துக்குப் போய்விட்டது. அதனோடு எங்கள் வாக்குமூலமும் போயிற்று. ஐம்பத்தெட்டில் நாங்கள் எழுதிக் கொடுத்தது பொய். கன்னையா அளந்ததே மெய். எருக்கம்பட்டிலிருந்து சித்தூர் ஆஸ்பத்திரி இருபத்தேழு மைல் மூன்று பர்லாங்கு. ஐயமிருந்தால் எந்த அதிகாரி வேண்டுமானாலும் வரட்டும், நாங்கள் சங்கிலி பிடிக்கிறோம், அவர் எங்களோடு நடக்கட்டும் என்று எழுதியிருக்கிறோம். அதன் ஒரு நகல் எருக்கம்பட்டு மனுவோடும் இணைக்கப்பட்டிருக்கிறது. எங்களோடு பத்தாவதாகக் கையெழுத்திட்ட கோவர்த்தனன் தன் பெயருக்குக் கீழே, ‘எனக்கு எண்ணத் தெரியும்’ என்று தனியே ஒரு வரி எழுதியிருக்கிறார்.

இதற்கு எங்களுக்கு என்ன வரும் என்று தெரியும். மெமோ வரலாம், மாற்றல் வரலாம். வரட்டும்! விமானத் திடலில் உங்கள் இடம் காலியாகத்தான் இருக்கிறது; ஒன்பது பேர் முறை வைத்துக்கொண்டு ஆடு விரட்டுகிறோம். ஐப்பசிக்குள் மேலிடம் அசையவில்லை என்றால், ஐப்பசி முழுக்க எருக்கம்பட்டு அரசமரத்தடியில் எங்கள் செலவில் ஒரு கார் நிற்கும். அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டோம்.

மன்னிப்பு என்ற சொல்லை இம்மடலில் எழுதவில்லை. நீங்கள் அதைக் கேட்கவில்லை, கேட்டதை மட்டும் கொடுத்திருக்கிறோம். தாங்களும் தாட்சாயணி அம்மையாரும் நோயின்றி, நொடிப்பின்றி, நூறாண்டு கடந்தும் சொந்தக் காலால் நடந்து, சித்தூரின் சாலையெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வாழ வேண்டும்; நாங்கள் ஒரு கல்லைக் கோணலாக நட்டாலும் வந்து காதைத் திருக வேண்டும் என்று நாங்கள் கும்பிடும் தெய்வங்களை எல்லாம் வேண்டுகிறோம்.

சித்தூர்
31-5-1960

இங்ஙனம்,
அன்று பொய்க்குக் கையெழுத்திட்ட ஒன்பது பேர்,
இன்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறோம்.